பழைய போட்டு எஞ்சின்: அடைத்து ஓட்டுவதா, அவிழ்ப்பதா, மாற்றுவதா?

சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மே 31 வரை தொழில் நடக்கும். கன்னியாகுமரி என்ற ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம், இரண்டும் 61 நாள். இந்தத் தேதிகளுக்கு முந்தின வாரங்களில் எஞ்சின் வேலை தெரிந்தவர் யாராக இருந்தாலும் அவரிடம் இந்தக் கேள்வி வந்துவிடும்: “அண்ணே, சத்தம் கூடிப்போச்சு, ஆயிலும் ஒழுகுது. இப்படியே ஓட்டலாமா, கழத்தணுமா, வேற எஞ்சின் பாக்கணுமா?”

கேட்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே மூன்று பேரிடம் கேட்டிருப்பார். ஒர்க்‌ஷாப்பில் முழு ஓவர்ஹால் செய்யச் சொல்லியிருப்பார்கள். மச்சினன் ஒரு நல்ல லாரி எஞ்சின் வந்திருப்பதாகச் சொல்லியிருப்பான். டிரைவர் இன்னும் ஒரு சீசன் தாங்கும் என்பார். மூன்று பேரும் அவரவர் நின்ற இடத்திலிருந்து சரியாகத்தான் சொல்கிறார்கள். எந்த எஞ்சினுக்கு எது சரி என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வள்ளத்தில் தொங்கும் அவுட்போர்டுக்குக் கணக்கு வேறு, அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

## முடிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

எஞ்சினின் வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நன்றாகப் பராமரித்த பழைய லேலண்டு எஞ்சின் ஆயில் அழுத்தம் குறையாமல் ஓடுவதையும், வாங்கிச் சில வருடமே ஆன எஞ்சின் உப்புத்தண்ணீர் குடித்துச் செத்ததையும் இந்தக் கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். கசிவு எந்தத் திசையில் போகிறது? சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது?

### கசிவு வெளியே வருகிறதா, உள்ளே போகிறதா?

எஞ்சினிலிருந்து ஆயில் வெளியே சொட்டினால் அது செலவும் அழுக்கும். தண்ணீரோ டீசலோ ஆயிலுக்குள் போனால் எஞ்சினுக்கே ஆபத்து. முதலாவதை அடுத்த தடைக்காலம் வரை தள்ளிப்போடலாம். இரண்டாவதை ஒரு ஓட்டத்துக்குக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் ஓடும் லைனர் குழாயின் அடி ரிங், வாட்டர் பம்ப் சீல் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போயிருக்கும். கலந்தது உப்புத்தண்ணீர் என்றால் பேரிங் அரிக்கத் தொடங்க நாள் கணக்கே போதும்.

ஆயில் ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் விரலில் தொட்டு மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, விரலிடையில் வழுக்காமல் தண்ணீர் போல ஓடினால் டீசல் கலந்திருக்கிறது. ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) டீசல் தள்ளும் பெரிய பம்பின் சாஃப்ட் சீல் போயிருக்கலாம். சில எஞ்சின்களில் ராக்கர் மூடிக்கு உள்ளே ஓடும் நாசில் ரிட்டர்ன் குழாய் வெடித்திருக்கும். “நம்ம எஞ்சின் ஆயிலே தின்னாது” என்று மகிழ்ந்து சொல்பவரின் எஞ்சினில் இந்தக் கோளாறைப் பார்த்திருக்கிறேன். தின்ற ஆயிலுக்குப் பதிலாக டீசல் வந்து அளவைச் சமன் செய்துகொண்டிருந்தது.

வெளிக்கசிவு என்றால் அது எங்கிருந்து தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேலே ராக்கர் மூடியில் கசிந்த ஆயில் வழிந்து வந்து, அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் ஓரத்தில் சொட்டும், நாம் சம்ப் கேஸ்கெட்டைக் குறை சொல்வோம். எஞ்சினைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை அதன் மேல் தூவுங்கள். பிறகு கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் ஓடிய தடம் கருப்பாகத் தெரியும், தடத்தின் மேல்நுனிதான் கசிவின் இடம். இதை எஞ்சினின் அசையாத பகுதிகளில் மட்டும் செய்யுங்கள். பெல்ட், புல்லி பக்கம் கை போகக் கூடாது.

நாசிலுக்குப் போகும் அழுத்தக் குழாயில் கசிவு தேடும்போது கையை வைக்கவே கூடாது. அதற்குள் டீசல் 200 பாரும் அதற்கு மேலும் அழுத்தத்தில் பாய்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்திய மாதிரிதான் இருக்கும், ஆனால் சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தாலே போதும்.

சொட்டாத கசிவும் ஒன்று உண்டு. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாயில் பம்ப் இழுக்கிறது. அங்கே இணைப்பு லூசாக இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எஞ்சின் ஏறி இறங்கி ஓடும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஒரு வாஷரில் தீரவேண்டிய இந்தக் கோளாறுக்குப் பம்பையே கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்பியவர்கள் உண்டு.

### சத்தம் எதோடு மாறுகிறது?

“சத்தம் கேட்கிறது” என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் சொல்ல முடியாது. கியர் போட்டால் மட்டும் வருகிறதா, நியூட்ரலிலும் வருகிறதா என்பது முதல் கேள்வி. அதே வேகத்தில் நியூட்ரலில் வைத்துப் பாருங்கள். சத்தம் மறைந்துவிட்டால் கோளாறு எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது: கப்ளிங், சாஃப்ட் நேர்மை (எஞ்சினும் சாஃப்டும் ஒரே கோட்டில் நிற்பது), சாஃப்ட் புஷ், வளைந்த புரொப்பல்லர். எஞ்சின் சத்தம் என்று வருகிற புகார்களில் நிறைய இங்கேதான் முடிகிறது.

நியூட்ரலில் ஸ்லோவாக ஓடும்போது கடகடத்து, வேகம் ஏற்றியதும் அடங்கினால் கியர்பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் டாம்பர் தட்டைப் பாருங்கள். மேலே லேசாக, சீராக ‘டிக் டிக்’ என்றால் டேப்பெட். அது அரை நாள் வேலை.

‘கட் கட்’ என்று கூர்மையாக அடித்தால் நாசிலும் இருக்கலாம், கனெக்டிங் ராடு பேரிங்கும் இருக்கலாம். இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும். எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் துணி சுற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பது பழைய வழக்கம். எந்தச் சிலிண்டரைத் தளர்த்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் இடம். பிறகு எஞ்சினை நிறுத்தி, அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். சத்தமும் கூடவே போனால் நாசில் கெட்டது. சத்தம் அங்கேயே நின்றால் கீழே பேரிங்கைத் திறக்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஓவர்ஹாலுக்குச் சம்மதிக்காதீர்கள்.

லோடு ஏறும்போது அடியிலிருந்து ‘தொம் தொம்’ என்று கனமாக வந்து, எஞ்சின் சூடானதும் ஆயில் அழுத்தமும் விழுந்தால் அது மெயின் பேரிங். அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

சத்தமும் கசிவும் பல நேரம் ஒரே கோளாறுதான் என்பதையும் மனதில் வையுங்கள். சொட்டும் ஆயில் எஞ்சின் பெட் மரத்தில் ஊறும். ரப்பர் மவுண்ட் என்றால் ரப்பர் இளகும். போல்ட் பிடி தளர்ந்து எஞ்சின் மயிரிழை சாயும். சாஃப்ட் நேர்மை போகும், அதிர்வு வரும், அந்த அதிர்வு பின் சீலைத் தின்று மேலும் ஆயிலை ஒழுகவிடும். சீலை மட்டும் மாற்றிவிட்டு நேர்மை பார்க்காமல் விட்டால் புது சீலும் சீக்கிரம் போய்விடும். கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் இடையில் ஃபீலர் கேஜ் விட்டுச் சுற்றிலும் பார்த்தால், 100 மில்லிமீட்டர் விட்டத்துக்கு இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். போட்டு தண்ணீரில் மிதக்கும்போதுதான் இதை அளக்க வேண்டும். கரையேற்றிய போட்டின் உடம்பு வேறு மாதிரி உட்கார்ந்திருக்கும்.

### மற்றவை

எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பது முக்கியம். காலையில் போய் மாலையில் திரும்பும் குளச்சல் போட்டுக்கும், லட்சத்தீவு தாண்டி வாரக்கணக்கில் நிற்கும் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் போட்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு, நடுக்கடலில் ஓடும் எஞ்சினின் அருமை இந்தக் கரைக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போட்டின் உடம்பு இன்னும் எத்தனை வருடம் நிற்கும், பாகம் நாகர்கோவிலில் கிடைக்குமா அல்லது எங்கிருந்தாவது வரவழைக்க வேண்டுமா, கையில் உள்ள பணம் சொந்தப் பணமா அல்லது வியாபாரியிடம் வாங்கிய முன்பணமா என்பவையும் கணக்கில் வரும்.

## வழி 1: கசிவை அடைத்து, சத்தத்தைச் சரிசெய்து ஓட்டுவது

பழுதை மட்டும் பார்க்கும் இந்த வழியை ஒர்க்‌ஷாப்பில் பலர் விரும்புவதில்லை. ஆனால் அழுத்தம் சரியாக உள்ள எஞ்சினுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

எந்த கேஸ்கெட்டையும் தொடும் முன் பிரீதர் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் கூடி, கிடைக்கிற ஓரத்திலெல்லாம் ஆயிலைப் பிதுக்கும். நான்கு இடத்தில் ஒரே சமயத்தில் கசிகிறது என்றால் நான்கு கேஸ்கெட்டும் ஒன்றாகப் போயிருக்காது. பிரீதர் சுத்தமாக இருந்தும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால், அது ரிங் தேய்மானம். அப்போது இந்த வழி உங்களுக்கு இல்லை.

மறைந்திருக்கும் செலவு பின் ஆயில் சீலில் இருக்கிறது. சீலின் விலை சின்னது. அதை மாற்ற சாஃப்டைப் பிரித்து, கியர்பாக்ஸைப் பின்னுக்குத் தள்ளி, ஃப்ளைவீலை இறக்க வேண்டும். கூலியும் தொழில் இழக்கும் நாட்களும்தான் பணம். அதனால் அது திறந்திருக்கும்போதே டாம்பர் தட்டு, சாஃப்ட் வழியே தண்ணீர் வராமல் அடைக்கும் கிளாண்ட் கயிறு, மவுண்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பழைய சீல் வருடக்கணக்கில் உரசி கிராங்கில் ஒரு பள்ளக்கோடு போட்டிருக்கும். புது சீலின் உதடு அதே கோட்டில் உட்கார்ந்தால் அன்றைக்கே கசியும். விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கினால் சீலைச் சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க வேண்டும், அல்லது கிராங்கில் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும்.

இந்த வழியைக் கெடுப்பது அவசர வேலை. கேஸ்கெட் வெட்டச் சோம்பல்பட்டு சிலிகான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவார்கள். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் துண்டு துண்டாக உதிர்ந்து ஆயில் சல்லடையை அடைக்கும், பேரிங் பட்டினியில் போகும். டீசல் குழாயின் செம்பு வாஷரைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும், மறுபடி ஒட்டாது. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் டீசல் கசிவை எம்-சீல் வைத்து மூடிக் கடலுக்குப் போவது தீயோடு விளையாட்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் சின்னதாகத் தெரியும். ஒரு நாள் முழுக்க அப்படிச் சொட்டினால் ஏறக்குறைய 3 லிட்டர். அது எஞ்சின் அடியில் தேங்கும் தண்ணீரோடு சேர்ந்து பம்ப் வழியாகத் துறைமுகத் தண்ணீருக்குத்தான் போகிறது.

இது பொருந்தும்: எஞ்சின் சூடான பிறகும் ஸ்லோவில் ஆயில் அழுத்தம் மீட்டரில் 1 கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) குறையாமல் நிற்கிறது, 100 லிட்டர் டீசலுக்கு அரை லிட்டருக்கு மேல் ஆயில் தின்னவில்லை, ஆயிலில் தண்ணீரோ டீசலோ இல்லை, ஒருநாள் தொழில். அழுத்தத்தைப் போட்டில் உள்ள பழைய மீட்டரை நம்பிச் சொல்லாமல் வேறொரு நல்ல மீட்டரை மாட்டிப் பாருங்கள்.

## வழி 2: முழு ஓவர்ஹால்

லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட், நாசில், பம்ப் எல்லாம் பார்த்து, கிராங்கை அளந்து, தேவைப்பட்டால் அரைத்து மறுபடி கட்டுவது. நேர்மையாகச் செய்தால் தெரிந்த எஞ்சின், தெரிந்த பெட், தெரிந்த புரொப்பல்லரோடு இன்னும் பல சீசன் ஓடும். கூடவே வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் பெரிய லாபம்.

சந்தேகம் வரும் இடம் கிராங்க். பொதுவாக 0.25, 0.50, 0.75 மில்லிமீட்டர் என்று படிப்படியாக அரைத்து அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். உங்கள் கிராங்க் ஏற்கெனவே கடைசிப் படியில் இருந்தால் இந்த முறை அரைக்க இடமில்லை, புது கிராங்க் வாங்க வேண்டும். அந்த விலை தெரியாமல் ஓவர்ஹாலுக்குக் கை நீட்டியவர்கள் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். எஞ்சினை முழுசாகப் பிரிக்கும் முன் ஒரு பேரிங் மூடியை மட்டும் இறக்கிப் பாருங்கள். பழைய பேரிங்கின் முதுகில் அளவு அடித்திருக்கும்.

இரண்டாவது மறை செலவு லேத்தில் காத்திருப்பது. தடைக்காலம் தொடங்கியதும் எல்லாப் போட்டும் ஒரே வாரத்தில் பிளாக்கும் ஹெட்டும் அனுப்பும். 61 நாள் நீளமாகத் தெரிந்தாலும், ஹெட்டில் வெடிப்பு என்று ஐந்தாவது வாரத்தில் தகவல் வந்தால் தொடக்க நாள் தொழில் போகும். தடை முடிந்து முதல் சில நாள் வரும் பாடுதான் (வலையில் கிடைக்கும் மீன்) பல போட்டுகளுக்கு வருடத்தின் நல்ல பாடு.

பணம் பற்றவில்லை என்று மேல் பாதியை மட்டும் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். புது ரிங், புது வால்வு என்று மேலே அழுத்தம் ஏறும்போது, கீழே தேய்ந்த பேரிங் அடிக்கடி அதைத் தாங்காமல் சத்தம் போடத் தொடங்குகிறது. பிறகு இரண்டாவது முறை திறக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் மூன்று விஷயம் கேளுங்கள். அளந்த அளவுகளைத் தாளில் எழுதித் தர வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைச் சாக்கில் கட்டித் திருப்பித் தர வேண்டும். கட்டிய பிறகு முதல் 50 மணி நேரத்தில் ஆயில் மாற்றி, ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கிப் பார்க்க அவரே வர வேண்டும். புதிதாகக் கட்டிய எஞ்சினைக் கரையில் கட்டிப்போட்டு மணிக்கணக்கில் ஸ்லோவில் ஓட்டினால் ரிங் லைனரில் சரியாகப் படியாது. கொஞ்சம் கொஞ்சமாக லோடு ஏற்றிக் கடலில் ஓட்டுவதே முறை.

இது பொருந்தும்: பிளாக் நல்ல நிலையில் உள்ளது, கிராங்கில் அரைக்க இடம் இருக்கிறது, பாகம் எளிதில் கிடைக்கும் எஞ்சின், போட்டின் உடம்பு இன்னும் பல வருடம் நிற்கும்.

## வழி 3: பழைய எஞ்சின் வாங்கி மாட்டுவது

பார்வைக்கு மலிவு, பெயிண்ட் அடித்து வைத்திருப்பார்கள், வாரத்தில் வேலை முடியும் என்பார்கள். நான்கு வழியில் நான் அதிகம் தயங்குவது இதற்குத்தான்.

லாரியில் ஓடிய எஞ்சின் மேடு ஏறும், பள்ளம் இறங்கும், சிக்னலில் மூச்சு வாங்கும். போட்டில் அதே எஞ்சின் வலை இழுக்கும்போது மணிக்கணக்கில் முழு லோடில் நிற்க வேண்டும். பம்பும் கவர்னரும் அதற்கேற்ப மாற வேண்டும். ரேடியேட்டர் இருந்த இடத்தில் கடல்தண்ணீரால் குளிரவைக்கும் ஏற்பாடு வேண்டும். எஞ்சின் சாய்ந்து உட்காரும்போது சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்காமல், சல்லடை எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். பழைய பெல் ஹவுசிங் உங்கள் கியர்பாக்ஸில் பொருந்தாது, பெட்டின் துளை மாறும். இந்தச் சில்லறையெல்லாம் சேர்ந்து எஞ்சின் விலையைத் தொட்டுவிடுவது உண்டு.

காகிதச் செலவும் இருக்கிறது. எஞ்சின் நம்பர் போட்டின் பதிவில் ஏறியிருக்கிறது. மாற்றினால் மீன்வளத் துறையில் சொல்லித் திருத்த வேண்டும். வரிவிலக்கு டீசலும் காப்பீடும் அந்தப் பதிவை நம்பித்தான் நிற்கின்றன. குதிரைத்திறனுக்கு உச்சவரம்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். விற்பவரிடம் எஞ்சின் வந்த வழிக்கு ரசீது இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள், குளிர்ந்த ஸ்டார்ட்தான் உண்மை சொல்லும். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை சூடான பிறகும் அடங்கவில்லை என்றால் தண்ணீரோ எரியாத டீசலோ. சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீங்கள் வாங்குவது அடுத்த ஓவர்ஹாலை.

இது பொருந்தும்: உங்களிடம் உள்ள அதே மாடல் போட்டு எஞ்சின், ஓடும் நிலையில், காகிதத்தோடு கிடைக்கிறது, கரையோரத் தொழில். உடைந்த பிளாக்குக்குப் பதிலாக வாங்கி, உங்கள் நல்ல பாகங்களை அதில் போடுவது என்றாலும் இது நியாயமான வழிதான்.

## வழி 4: புது எஞ்சின்

இதன் நன்மைகள் எல்லோருக்கும் தெரியும்: டீசல் மிச்சம், ஸ்டார்ட் நம்பிக்கை, வாரண்டி. எஞ்சின் விலையோடு செலவு முடிவதில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேகமும் குதிரைத்திறனும் மாறினால் கியர் விகிதமும் புரொப்பல்லரும் மாற வேண்டும். பழைய புரொப்பல்லரை அப்படியே விட்டால் எஞ்சின் மூச்சுத்திணறிக் கருப்புப்புகை தள்ளும், புது எஞ்சினில் எதிர்பார்த்த டீசல் மிச்சமும் வராது. சாஃப்ட் தடிமன், சைலன்சர் குழாய், பெட் எல்லாமே பட்டியலில் ஏறும்.

பெரிய மறை செலவு கடன். வங்கி வட்டி கண்ணுக்குத் தெரியும். வியாபாரி முன்பணம் தந்து எஞ்சின் வாங்கினால் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலையில் கொடுக்க வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் என்று வருடம் முழுக்கப் போகும் தொகையை எழுதிக் கூட்டிப் பாருங்கள். அரசு மானியத் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பல திட்டங்களில் அனுமதி வாங்கும் முன் எஞ்சின் வாங்கிவிட்டால் மானியம் கிடைக்காது.

மரப்போட்டின் பலகை இன்னும் சில வருடமே தாங்கும் என்றால் புது எஞ்சின் போடாதீர்கள். போட்டு போன பிறகு எஞ்சினை மட்டும் விற்கும்போது பாதி விலைகூடக் கேட்க மாட்டார்கள்.

இது பொருந்தும்: பல நாள் கடலில் தங்கும் தங்குகடல் போட்டு, உடம்பு நல்லது, பழைய எஞ்சினுக்குப் பாகம் தேடி அலைய வேண்டியிருக்கிறது, டீசல் செலவு பாட்டை விழுங்குகிறது.

## ஒரே பார்வையில்

| | அடைத்து ஓட்டுவது | ஓவர்ஹால் | பழைய எஞ்சின் | புது எஞ்சின் |
|---|---|---|---|---|
| வெளியே ஆயில் கசிவு மட்டும் | போதும் | தேவையில்லை | வேண்டாம் | வேண்டாம் |
| ஆயிலில் தண்ணீர் | காரணம் கூலர், பம்ப் சீல் மட்டும் என்றால், உடனே | லைனர், ஹெட் என்றால் | பிளாக் போனால் | பிளாக் போய், போட்டு நன்றாக இருந்தால் |
| கியர் போட்டால் மட்டும் சத்தம் | நேர்மை, புஷ், புரொப்பல்லர் பார்த்தால் போதும் | தேவையில்லை | வேண்டாம் | வேண்டாம் |
| அடியில் கனத்த சத்தம், அழுத்தம் குறைவு | கூடாது | கிராங்கில் இடம் இருந்தால் | அதே மாடல் கிடைத்தால் | ஆழ்கடல் என்றால் |
| மறைந்திருக்கும் செலவு | கியர்பாக்ஸ் இறக்கும் கூலி | கிராங்க், லேத் காத்திருப்பு | பொருத்தும் வேலை, காகிதம் | புரொப்பல்லர், வட்டி |
| ஆழ்கடலுக்கு நம்பிக்கை | அழுத்தம் நன்றாக இருந்தால் மட்டும் | நல்லது | குறைவு | அதிகம் |

## அவுட்போர்டு என்றால்

கடியப்பட்டணம், குறும்பனை, இனயம் கரைகளில் வள்ளத்தில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு மேலே சொன்ன கணக்கு ஒத்துவராது. பாகம் சின்னது, புது எஞ்சின் கைக்கெட்டும் விலை, கரையில் ஏற்றி இறக்கும்போது மணலும் அலையும் அதைத் தின்கின்றன. இதில் நான் சீக்கிரம் மாற்றச் சொல்லும் பக்கம்.

சைலன்சர் வழியாகக் கருப்பாகச் சொட்டுவது எரிபொருளில் கலக்கும் டூ-டி ஆயிலும் மண்ணெண்ணெயும் எரியாமல் வருவது. ஓரளவுக்கு அது இயல்புதான், அதற்காக எஞ்சினைத் திறக்க வேண்டாம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலில் ஓட்டிக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதும் நடந்தால் இது குறையும்.

பெட்ரோல் கசிவுக்கு இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய எஞ்சினின் ரப்பர் குழாய், கை பல்ப், பம்ப் டயாஃப்ரம் அதற்காகச் செய்தவை அல்ல. அவை உப்பி, பிசுபிசுத்து, வெடிக்கின்றன. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், கடல்காற்றில் கேட்கவே வேண்டாம். குழாயை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பெட்ரோலைக் கேனில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வள்ளத்தின் அடியில்தான் படுத்திருக்கும். கசிவு இருக்கும் வள்ளத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது.

கீழே கியர் பெட்டியின் ஆயில் பால் நிறத்தில் வந்தால் புரொப்பல்லர் சாஃப்ட் சீல் போயிருக்கிறது. இங்கே பெரும்பாலும் காரணம் தங்கூஸ் நரம்பு, அதாவது மீன்பிடி நைலான் இழை. புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிய நரம்பு சீலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். புரொப்பல்லரைக் கழற்றி நரம்பை எடுத்து, சீலை மாற்றி, புது கியர் ஆயில் ஊற்றினால் ஒரு பகலில் முடியும். பார்க்காமல் விட்டால் உப்புத்தண்ணீரில் கியர் பல் அரித்து ஊளையிடத் தொடங்கும்.

தலையில், அதாவது சிலிண்டரும் பிஸ்டனும் இருக்கும் மேல் பகுதியில், பிஸ்டன் தட்டும் சத்தம் என்றால் ஒருமுறை தலையைப் பிரித்துக் கட்டிப் பார்க்கலாம். கட்டும்போது கிராங்க் சீலை மாற்றாமல் விடாதீர்கள். அது காற்றை இழுத்தால் கலவை மெலிந்து புது பிஸ்டனும் பிடித்துவிடும். தலையும் போய், கீழே கியரும் அரித்திருந்தால் அந்த எஞ்சினுக்கு இனிப் பணம் போடாதீர்கள்.

## சோதனை எப்போது?

தடை தொடங்கிய பிறகு யோசிக்கத் தொடங்குவதுதான் இங்கே வழக்கம். கரையேற்றிய போட்டில் லோடு ஏற்றிப் பார்க்க முடியாது, கியரில் வரும் சத்தத்தைக் கேட்க முடியாது, சாஃப்ட் நேர்மையும் அளக்க முடியாது. ஆகவே தடைக்கு முந்தின மாதத்திலேயே டிரைவரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். சூடான பிறகு ஸ்லோவிலும் வலை இழுக்கும்போதும் ஆயில் அழுத்தம், ஒரு ஓட்டத்துக்குப் பிடித்த டீசல், ஊற்றிய ஆயில், புகையின் நிறம், சத்தம் நியூட்ரலிலும் வருகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எழுதட்டும். அதோடு கொஞ்சம் ஆயிலை எடுத்துத் தெளிவான பாட்டிலில் ஒரு இரவு அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் காலையில் அடியில் தனியாக நிற்கும், அல்லது ஆயில் முழுதும் கலங்கி இருக்கும். நோட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய், மெக்கானிக்கிடம் முன்னாலேயே நாள் குறித்துவிடுங்கள். கிராங்க் அளவு பார்க்க ஒரு பேரிங் மூடியை இறக்கும் வேலையை தடையின் முதல் வாரத்துக்கே வைத்துக்கொண்டால், புது கிராங்க் வேண்டியிருந்தாலும் வரவழைக்க நாள் மிஞ்சும்.